அடைப்புக்குறியை விரட்டிய அறிஞர்

இரண்டோடு மூன்றைக் கூட்டி, வந்ததை நான்கால் பெருக்கு என்று ஒருவர் வாயால் சொன்னால் நாம் தயங்காமல் இருபது என்போம். அதே எண்களையும் அதே குறிகளையும் அதே வரிசையில் 2 + 3 × 4 என்று தாளில் எழுதிக் காட்டினாலோ, பதினான்கு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மளிகைக் கடை மேசையில் கிடக்கும் மலிவுக் கால்குலேட்டரில் இதை அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் இருபது வரும். நம் பையிலுள்ள விஞ்ஞானக் கால்குலேட்டரில் பதினான்கு வரும். இரண்டும் பழுதில்லாத பொறிகளே. ஒன்று வந்த வரிசையிலேயே வேலையை முடிக்கிறது. மற்றொன்று பெருக்கலுக்கு முதல் மரியாதை தருகிறது.

இந்த முதல் மரியாதையை அதற்கு யார் கொடுத்தார்கள்? பள்ளியில் 'போட்மாஸ்' என்று உருப்போட்ட நம்மில் பலர், அதை நியூட்டன் விதியைப் போல இயற்கையின் கட்டளை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். இயற்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இயற்கணிதம் சொற்களை விட்டுக் குறிகளுக்கு மாறிய காலத்தில், எழுதுகிறவர்களின் கைப்பழக்கமாக வளர்ந்த உடன்பாடு இது. சாலையில் இடப்பக்கம் போவதைப் போன்றது. மன்னரோ சபையோ ஆணையிட்டு நிறுவியதன்று. ஆகையால்தான் இதன் ஓரங்களில் இன்னும் கிழிசல் இருக்கிறது. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃபுளோரியன் கஜோரி, பெருக்கலும் வகுத்தலும் அடுத்தடுத்து வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை என்று 1928இல் குறித்து வைத்தார். 2019இல் 8 ÷ 2(2 + 2) என்ற ஒரு சின்னஞ்சிறு கணக்கு உலகத்தை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிட்டது. பதினாறு என்றது ஒரு கட்சி. ஒன்று என்றது மறு கட்சி. இன்றும் எங்கள் விடுதி மெஸ்ஸில் யாராவது அதை எடுத்துப் போட்டால், தட்டிலுள்ள பருப்பு ஆறி ஏடு படியும் வரை வழக்கு நடக்கும்.

இத்தகைய வழக்கே எழாதபடி எழுதுவதற்கு வழி கண்டவர் ஒருவர் உண்டு. போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் வூக்காசேவிச் என்பது அவர் பெயர். 'யான்' என்றவுடன் சங்கப் புலவர் யாரோ தம்மைச் சுட்டிக்கொள்கிறார் என்று கருத வேண்டா; அதுவே அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். குடும்பப் பெயரின் முதல் எழுத்து, குறுக்கே கோடிட்ட ஒரு 'எல்'. போலந்துக்காரர் அதை வகரம்போல ஒலிப்பார்கள். பிறர் லகரமாக்கி விடுவார்கள். நம் பெயர்களிலுள்ள ழகரம் இந்த வளாகத்தில் அன்றாடம் படும் பாட்டை அறிந்த நமக்கு அவர்மேல் இரக்கம் பிறப்பது இயல்பே. அவர் கண்டுபிடித்த எழுத்துமுறையை உலகம் அவர் பெயரால் அழைக்காமல் 'போலந்து முறை' என்று அழைப்பதற்கும், அந்தப் பெயர் அயலார் நாவில் புரளாததே காரணம் என்பர்.

அவர் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் லிவூப் நகரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் நகரம். பின்னர்ப் போலந்தின் நகரமாயிற்று. அதன்பின் சோவியத் நாட்டுக்குப் போயிற்று. இன்று லிவிவ் என்ற பெயரோடு உக்ரைனில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடுகள் அதன்மேல் நடந்து போயின. தந்தையார் ஆஸ்திரியப் படையில் ஓர் அதிகாரி. மகன் முதலில் சட்டம் படிக்கச் சேர்ந்து, பிறகு தத்துவத்துக்கும் கணிதத்துக்கும் தாவினார். லிவூப் பல்கலைக் கழகத்தில் துவார்தோவ்ஸ்கி என்ற பேராசிரியர் இருந்தார். தெளிவாகப் பேசத் தெரியாதவனுக்குத் தெளிவாகச் சிந்திக்கவும் தெரியாது என்ற கொள்கையுடையவர். அவரிடம் பயின்று, 1902இல் வூக்காசேவிச் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்பில் அவர் காட்டிய உயர்ந்த தேர்ச்சிக்காகப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் வைர மோதிரமும் பரிசாக வந்தது.

1910இல் அவர் வெளியிட்ட நூல், அரிஸ்டாட்டிலின் முரண்பாட்டுத் தத்துவத்தையே குறுக்கு விசாரணை செய்தது. ஒரு பொருளுக்கு ஒரு பண்பு ஒரே சமயத்தில் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல இயலாது என்ற அந்தத் தத்துவத்தை, இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லோரும் தலைவணங்கி ஏற்றிருந்தனர். அதற்கு நிரூபணம் எங்கே என்று இவர் கேட்டார். 1920இல் இன்னும் ஒரு படி மேலே போனார். மெய், பொய் என்ற இரண்டோடு மூன்றாவது மதிப்பு ஒன்றையும் சேர்த்து, மும்மதிப்புத் தர்க்கத்தை வெளியிட்டார். நாளை நடக்கப்போவதைப் பற்றிய கூற்று இன்றே மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தாக வேண்டுமானால், மனிதனின் சுதந்திரத்துக்கு இடம் ஏது என்பதே அவர் கவலை. நடைமுறைக்கு உதவாத ஆராய்ச்சி என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே முடிவாகிவிட்டதாக எல்லோரும் நினைத்த ஓர் ஏற்பாட்டைக் கையிலெடுத்து, இது வேறுவிதமாகவும் இருக்கலாமே என்று கேட்கும் துணிவு அதில் இருக்கிறது. அடைப்புக்குறி விஷயத்திலும் அவர் காட்டியது இதே துணிவுதான்.

இடையில் அவருக்கு அரசியலும் வந்து சேர்ந்தது. 1915இல் வார்சா பல்கலைக் கழகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கே போனார். போலந்து விடுதலை பெற்றதும், உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி 1919இல் பிரதமரானார். அவர் அமைச்சரவையில் நம் தர்க்கப் பேராசிரியர் கல்வி அமைச்சரானார். பியானோ வாசிப்பவர் பிரதமர், தர்க்கம் கற்பிப்பவர் அமைச்சர்! அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த அமைச்சரவை போய்விட்டது. அவர் வகுப்பறைக்குத் திரும்பினார். இரண்டு முறை பல்கலைக் கழகத் தலைமைப் பதவியும் வகித்தார். அவரும் லெஸ்னியேவ்ஸ்கியும் சேர்ந்து வளர்த்த வார்சாத் தர்க்கப் பள்ளி, இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகின் முதல்வரிசையில் நின்றது. தார்ஸ்கி அங்கே உருவானவர்.

இனி அந்த எழுத்துமுறைக்கு வருவோம். தர்க்கத்தில் கூற்றுகளை 'மற்றும்', 'அல்லது', 'ஆனால்' என்பன போன்ற இணைப்புகளால் கோத்துக்கொண்டே போக வேண்டும். கோவை நீள நீள அடைப்புக்குறிகள் வெங்காயத் தோல் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்ளும். வைட்ஹெட்டும் ரஸ்ஸலும் தங்கள் பெருநூலில் அடைப்புக்குப் பதிலாகப் புள்ளிகளை வைத்தார்கள். எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்பதே தனிப் பாடமாயிற்று. 1924இல் வூக்காசேவிச்சுக்கு ஒரு யோசனை தோன்றியது. இணைப்புக் குறியை இரண்டு உறுப்புகளுக்கும் நடுவே வைப்பதால்தானே இந்தத் தொல்லை? அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டால் என்ன?

அவ்வளவுதான். நம் எண்கணக்குக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். 2 + 3 என்பதை + 2 3 என்று எழுத வேண்டும். ஒவ்வொரு குறியும் தனக்குப் பின்னால் வரும் இரண்டு உறுப்புகளை எடுத்துக்கொள்ளும். உறுப்பு தனி எண்ணாகவும் இருக்கலாம், இன்னொரு குறி தொடங்கிவைக்கும் கோவையாகவும் இருக்கலாம். 2 + 3 × 4 என்பதைப் பதினான்கு வரும்படி எழுத வேண்டுமானால் + 2 × 3 4. கூட்டல் குறி முதலில் 2ஐ எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது உறுப்புக்குக் கை நீட்டினால் பெருக்கல் குறி நிற்கிறது. அது 3ஐயும் 4ஐயும் சேர்த்துப் பன்னிரண்டாக்கிக் கொடுக்கிறது. இருபது வர வேண்டுமானால் × + 2 3 4. அடைப்பும் இல்லை, முன்னுரிமை விதியும் இல்லை. மெஸ் வழக்கையும் இப்படியே தீர்க்கலாம். × ÷ 8 2 + 2 2 என்று எழுதினால் பதினாறு. ÷ 8 × 2 + 2 2 என்று எழுதினால் ஒன்று. எழுதியவர் எதை நினைத்தாரோ அதை எழுதித்தான் ஆக வேண்டும். அரைகுறையாக எழுதிவிட்டு, மீதியைப் படிப்பவரின் ஞாபகசக்தியிடம் விட்டுவிட இந்த முறையில் வழியே கிடையாது. இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு குறியும் எத்தனை உறுப்புகளை எடுக்கும் என்பது உறுதியாக இருக்க வேண்டும். நாம் கழித்தலுக்கும் எதிர்மறை எண்ணுக்கும் ஒரே கோட்டைப் போட்டு ஒப்பேற்றுகிறோமே, அந்தச் சோம்பல் இங்கே செல்லாது.

குறியைப் பின்னால் வைத்தாலும் இதே பயன் கிடைக்கும். 2 3 + 4 × என்றால் இருபது. 2 3 4 × + என்றால் பதினான்கு. இதைத் 'தலைகீழ்ப் போலந்து முறை' என்கிறார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பை நண்பர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது தலைகீழா? தமிழில் இதுதானே நேர்! நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 2 3 + 4 × என்பதை அப்படியே வாயால் படியுங்கள்: இரண்டோடு மூன்றைக் கூட்டி, நான்கால் பெருக்கு. 2 3 4 × + என்பதைப் படியுங்கள்: இரண்டோடு, மூன்றையும் நான்கையும் பெருக்கி வந்ததைக் கூட்டு. குறி வரும் இடத்திலெல்லாம் வினை வருகிறது. 'கூட்டி', 'பெருக்கி' என்ற எச்சங்கள் வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்கின்றன; முற்று வந்ததும் கணக்கு முடிகிறது. நடுவே அடைப்புக்குறி எங்கும் வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் நம்மோடு இருக்கும் இந்தி, வங்காளித் தோழர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் மொழிகளிலும் வினை கடைசியில்தான். ஆங்கிலத்தில் ஏவினால் 'கூட்டு' என்பதற்கான சொல்தான் முதலில் வரும். அது வூக்காசேவிச் எழுதிய முறையோடு ஒக்கும். குறியை நடுவே வைக்கும் நம் பள்ளிக்கூட முறையோ, ஏவல் தொடருக்குப் பொருந்துவதில்லை. அதற்குத்தான் போட்மாஸ் என்ற காவற்காரன் தேவைப்படுகிறான்.

இந்த முறையில் அவர் பெரிதாக மகிழ்ந்தது சிக்கனத்தை எண்ணித்தான். அடைப்புகள் ஒழிந்தபின், ஒரு தர்க்க விதி எத்தனை எழுத்து நீளம் என்று எண்ணிச் சொல்லலாம் அல்லவா? மிகக் குறுகிய விதி எது என்று தேடுவது அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் ஒரு வேட்டையாகவே ஆகிவிட்டது.

1939 கோடையில், அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைப் புதிய கண்கொண்டு பார்க்கும் நூல் ஒன்றைப் போலந்து மொழியில் அவர் எழுதி முடித்திருந்தார். முதற் பகுதியின் அச்சுப்படிகள் திருத்தத்துக்கு வந்துவிட்டன. செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் வார்சாமீது விழுந்தன. அச்சகம் முழுவதும் அழிந்தது. அவருடைய வீட்டு நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின. அப்போது அவருக்கு வயது அறுபது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் பல்கலைக் கழகம் மூடிக் கிடந்தது. அவர் நகராண்மை ஆவணக் காப்பகத்தில் ஊழியம் பார்த்தார். மறைவாக நடந்த வகுப்புகளில் தர்க்கம் கற்பித்தார். அந்த வட்டத்தில் பழகிய யூத அறிஞர்கள் வாய்ஸ்பெர்க், பிரெஸ்பர்கர், லிண்டன்பாம் ஆகியோர் போரிலிருந்து மீளவில்லை. மும்மதிப்புத் தர்க்கத்துக்கு அடிப்படை விதிகளை வகுத்துக் கொடுத்தவர் இந்த வாய்ஸ்பெர்க்தான்.

அதன்பின் அவர் செய்தது எளிதில் செரிக்கக் கூடியதன்று. சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியது. அந்த ஆட்சியின்கீழ் வாழ அஞ்சிய அவர், 1944 ஜூலையில் மனைவி ரெஜினாவுடன் வார்சாவைவிட்டு ஜெர்மனிக்கே போனார். உதவியவர் மியூன்ஸ்டர் நகரத்துப் பேராசிரியர் ஹைன்ரிக் ஷோல்ஸ். ஷோல்ஸ் ஜெர்மானியர், ஆனால் போலந்துப் பாதிரியாரும் தர்க்க அறிஞருமான சலமூகாவை நாஜி முகாமிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டவர். சுவிட்சர்லாந்து போய்ச் சேரலாம் என்பது வூக்காசேவிச்சின் எண்ணம், அது கைகூடவில்லை. அவர் கிளம்பிய சில நாட்களில், ஆகஸ்ட் 1ஆம் நாள், வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அந்த எழுச்சியில் சலமூகா கொல்லப்பட்டார், நகரம் தரைமட்டமாயிற்று. தன் நாட்டைச் சூறையாடியவர்களின் நாட்டில் அடைக்கலம் புகுந்ததை அவருடைய நாட்டவர் சிலர் மன்னிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அறுபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் இழந்து நின்றவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

போர் முடிந்தபின் பெல்ஜியத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு அயர்லாந்திலிருந்து அழைப்பு வந்தது. அந்நாட்டுப் பிரதமர் டி வலேரா, அரசியலுக்கு வருமுன் கணித ஆசிரியராக இருந்தவர். ஷ்ரோடிங்கரை டப்ளினுக்கு வரவழைத்தவரும் அவரே. 1946இல், அறுபத்தேழாம் வயதில், அயர்லாந்து அரச கழகத்தில் கணிதத் தர்க்கப் பேராசிரியர் பதவியை வூக்காசேவிச் ஏற்றார். ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்தவேண்டியிருந்தது. 1948இல் அந்தக் கழகத்தின் வெளியீட்டில், 'ஆனால்' என்ற ஒரே இணைப்பை மட்டும் கொண்ட தர்க்கத்துக்கு மிகக் குறுகிய அடிப்படை விதியை வெளியிட்டார்: அடைப்பின்றி, பதின்மூன்றே எழுத்துகள். 1949இல் டப்ளின் பல்கலைக் கழகக் கல்லூரி, அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தைப் பற்றிப் பத்துச் சொற்பொழிவுகள் ஆற்ற அழைத்தது. எரிந்துபோன நூல் அந்தச் சாக்கில் மறுபடி பிறந்தது. நினைவிலிருந்தே அதை வேறொரு மொழியில் எழுப்பினார். ஆக்ஸ்போர்டில் 1951இல் அது அச்சாயிற்று. இன்றும் அத்துறையினர் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1956 பிப்ரவரி 13ஆம் நாள் டப்ளினில் அவர் காலமானார்.

அடைப்பில்லா எழுத்துமுறை மனிதர்களிடையே பரவவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் ஆர்தர் பிரையரைப் போன்ற சிலர் அதை விரும்பி எழுதினார்கள். மற்றவர்கள் நீண்ட வரிகளைக் கண்டு மிரண்டார்கள். நானும் என் சோதனைக் குறிப்பேட்டில் அடைப்புக்குறியைத்தான் தாராளமாக இறைக்கிறேன். இடையில் ஓர் எழுத்து தவறினால் போலந்து முறையில் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும்; அடைப்பு கைப்பிடிச் சுவர்போல உதவுகிறது.

ஆனால் பொறிகளுக்குக் கண் இல்லை. 1954இல் அமெரிக்காவில் பர்க்ஸ், வாரன், ரைட் என்னும் மூவர் அடைப்பில்லா முறையில் இயங்கும் தர்க்கப் பொறி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். 1957இல் ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர் ஹாம்ப்ளின், தலைகீழ் முறையும் ஓர் அடுக்கும் இருந்தால் கணினி எவ்வளவு சிக்கலான கோவையையும் தடையின்றிக் கணக்கிடும் என்று காட்டினார். மெஸ்ஸில் தட்டுகளை அடுக்கியிருப்பது போன்றதே இந்த அடுக்கு. எண் வந்தால் மேலே வை. குறி வந்தால் மேலிருந்து இரண்டை எடு, கணக்கிட்டு விடையை மறுபடி மேலே வை. 2 3 4 × + என்பதைக் கொடுத்தால் முதலில் 2, அதன்மேல் 3, அதன்மேல் 4 ஏறும். பெருக்கல் வந்ததும் 4உம் 3உம் இறங்கிப் பன்னிரண்டு ஏறும். கூட்டல் வந்ததும் எல்லாம் கரைந்து பதினான்கு மட்டும் மிஞ்சும். 1972இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் 395 டாலர் விலையில் விற்ற 'எச்.பி.-35' என்ற சட்டைப்பைக் கால்குலேட்டர் இந்த முறையில்தான் வேலை செய்தது. அதில் சமக்குறிப் பொத்தானும் கிடையாது, அடைப்புக்குறிப் பொத்தானும் கிடையாது.

1961இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர், நாம் வழக்கமாக எழுதும் கோவையை இந்தத் தலைகீழ் வரிசைக்கு மாற்றும் முறை ஒன்றை விவரித்தார். ரயில் நிலையத்தில் பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தி, வேண்டியபோது கோத்து அனுப்புவார்களே, அந்த ஷண்டிங் வேலையை ஒத்தது அது. போட்மாஸ் விதி முழுவதும் அந்தத் தண்டவாளத்தில் தீர்ந்துபோகிறது. இன்று நாம் ஜாவாவிலோ பைத்தானிலோ 2 + 3 * அ என்பது போல எழுதும் வரியும், உள்ளே போனதும் எண்களை ஏற்று, பெருக்கு, கூட்டு என்ற கட்டளைகளாகவே மாறுகிறது. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினாலும், பொறி வினையைக் கடைசியில் வைத்துத்தான் படித்துக்கொள்கிறது.

டப்ளினில் மௌண்ட் ஜெரோம் இடுகாட்டில் அவர் அறுபத்தாறு ஆண்டுகள் கிடந்தார். 2022 நவம்பரில் அவருடைய எச்சங்களைத் தோண்டி எடுத்துப் போலந்துக்குக் கொண்டுபோய், வார்சாவின் பழைய போவொன்ஸ்கி இடுகாட்டில் அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.